சண்டைக் காலத்தை எதிலிருந்து தொடங்குவது: நாவலா, சாட்சியமா, சிறுகதையா, படமா?

சித்தியின் பேத்தி 2010இல் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாள். போன மாதம் எங்கள் ஊர் வாசிகசாலைக்கு வந்து, புத்தக அலுமாரிக்கு முன்னால் நின்றபடி, "மாமா, சண்டைக் காலத்தைப் பற்றி ஏதாவது ஒண்டு தாங்கோ. புத்தகமோ படமோ, எதெண்டாலும் பரவாயில்லை" என்றாள். 2009இல் முடிந்த ஈழப் போரைத்தான் சொல்கிறாள். எனக்கு உடனே கை போகவில்லை. அலுமாரியில் இல்லாமல் இல்லை, இரண்டு தட்டு நிறைய இருக்கிறது. அதுதான் சிக்கல்.

அதே கிழமை ரொறன்ரோவிலிருந்து மச்சான், தங்கச்சியின் புருஷன், போன் எடுத்தார். மருமகன் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ கட்டுரை எழுத வேண்டுமாம். "ஒரு நல்ல படத்தைப் போட்டுக் காட்டினால் விளங்கிவிடும்தானே?" என்று கேட்டார். பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரும் உயர்தர மாணவர்களுக்கு எதைக் கொடுக்கலாம் என்று எப்போதோ கேட்டு வைத்திருக்கிறார்.

மூன்று பேருக்கும் ஒரே பதில் சரிவராது. ஆனால் இப்படிக் கேட்கிறவர்களில் அனேகம் பேருக்கு மனதில் படம்தான் முதலில் வருகிறது. இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும், காசும் பெரிதாக இல்லை. நான் அதற்கு எதிர்க்கட்சி. படத்தைக் கடைசியில் வையுங்கள் என்பேன்.

## எதை வைத்துத் தெரிவது

முதலாவது, இடையில் நிறுத்த முடியுமா என்பது. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், வாசிகசாலையில் புரொஜெக்டர் வைத்து ஓர் ஆவணப்படம் போட்டோம். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள், பின்னால் பெரியவர்கள். கால் மணித்தியாலம்கூடப் போயிருக்காது, படத்தில் கிபிர் குண்டுவீச்சு விமானம் இரைந்து பதிகிற சத்தம் வந்தது. கடைசி வாங்கிலில் இருந்த ஓர் அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பி வெளியே போனார். படம் முடிந்து கதிரைகளை அடுக்கிவிட்டு வந்து பார்த்தால், கிணற்றுக் கட்டில் இருக்கிறார், செருப்பு இரண்டையும் கையில் பிடித்தபடி. மகள் அடுத்த நாள் வந்து என்னைப் பிடித்து ஏசினாள், மூன்று நாள் அம்மாவுக்கு நித்திரை இல்லை என்று. ஏச்சு நியாயமானது. புத்தகத்தை அவர் மூடி வைத்திருப்பார். படத்தை மூட முடியாது, அதுவும் நாலு பேர் நடுவில்.

இரண்டாவது, யாருடைய கண்ணால் பார்க்கிறது, யாரைப் பார்க்காமல் விடுகிறது. யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 என்றால் எங்களில் பலருக்கு 1995தான் நினைவு வரும். மழைக்குள், வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் கிழக்கே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து போன நாள். அதே ஒக்டோபர் 30, ஐந்து வருடம் முந்தி, 1990இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இயக்கம் (விடுதலைப் புலிகள்) சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றிய நாள். ஒரே திகதி. ஒரு புத்தகம் இதில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விட்டால் அது பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் கொடுக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மொழி. பேச்சு எங்கள் பேச்சா, வாசிப்பவருக்கு அது ஓடுமா? நாலாவது, விலையும் கிடைப்பும். ஐந்தாவதை ஒருவரும் கேட்பதில்லை: முடித்த பிறகு வீட்டில் என்ன நடக்கும்? பிள்ளை வாசித்துவிட்டு அப்பாவிடம் போய், "நீங்கள் அப்ப எங்கை நிண்டனீங்கள்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு எல்லா வீட்டிலும் பதில் ஆயத்தமாக இல்லை.

## நாவல்

காலம் எப்படி நகர்ந்தது என்பதை நாவல் மாதிரி வேறெதுவும் காட்டாது. குண்டு விழுந்த நாளை எல்லோரும் சொல்லுவார்கள். விழாத நாட்களில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதையும், ஜாம் போத்தல் விளக்கில் படித்ததையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டதையும் நாவலில்தான் இருந்து வாசிக்கலாம்.

சயந்தனின் 'ஆதிரை' (2015) வன்னியை, அதிலும் மலையகத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர்களின் வாழ்க்கையை, பல தலைமுறைக்கு எடுத்துச் சொல்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை வாசிக்க வேண்டியது என்று நான் நினைப்பது அதற்காகவே. எங்கள் கதை என்று நாங்கள் சொல்வதற்குள் அவர்கள் அனேகமாக இருப்பதில்லை. குணா கவியழகனின் 'நஞ்சுண்டகாடு' இயக்கப் பயிற்சி முகாமுக்குள் கூட்டிப்போகும். ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) சின்னப் புத்தகம், தீவகத்துப் பேச்சு, அகதி விண்ணப்பத்தில் தொடங்குகிற கதை. சிரிப்பு வரும், பிறகு ஏன் சிரித்தோம் என்று இருக்கும். தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' வன்னியின் கடைசிக் காலத்தை இடம்பெயர்ந்து கொண்டே இருக்கும் ஒரு குடும்பத்தோடு நடந்து சொல்கிறது. அதைப் பதினாறு வயதுக்கு நான் கொடுக்கமாட்டேன். இருபதுக்குக் கொடுப்பேன்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று காசு. நல்ல ஈழத்து நாவல்களில் பல இந்தியாவில்தான் அச்சாகின்றன. இந்திய விலை இங்கே வரும்போது இலங்கை ரூபாயில் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். தடித்த நாவல் என்றால் ஒரு மாதக் கைச்செலவு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அங்கத்துவம் எடுப்பது எவ்வளவோ மேல்.

மற்றது, நாவல் காலத்தைத் தெரிந்தவருக்கு எழுதப்பட்டது. "இந்தியன் ஆமிக் காலம்" என்றால் எனக்கு அந்த வருடங்கள் முழுக்கக் கண்ணில் வரும், அவளுக்கு அது வெறும் மூன்று சொல். நாலாவது அத்தியாயத்தில் புத்தகத்தை வைத்துவிடுவாள். அதனால் நாவல் கொடுக்கும்போது முன் அட்டைக்குள் ஒரு துண்டுத் தாள் வைத்துக் கொடுக்கிறேன்: 1981 ஜூன் முதலாந்திகதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாண நூலகம் எரிப்பு, 97,000 வரை புத்தகங்கள், 1983 ஜூலைக் கலவரம், 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தோடு சண்டை, 1990 ஜூனில் இலங்கை இராணுவத்தோடு மறுபடி சண்டை, 1995 இடப்பெயர்வு, 2002 பெப்ரவரி போர்நிறுத்த ஒப்பந்தம், 2006 ஓகஸ்டில் கண்டி-யாழ்ப்பாண ஏ9 பாதை மறுபடி பூட்டு, 2009 மே சண்டை முடிவு. அவ்வளவுதான். அந்தத் தாளுக்குப் பிறகு முழுதாக வாசித்துத் திருப்பித் தருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

## தன்வரலாறும் சாட்சியமும்

"இது உண்மையோ?" என்று கேட்கிற பிள்ளைக்கு நாவல் போதாது. அவர்களுக்கு இதுதான் சரி.

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்', அவர் 2015இல் இறந்த பிறகு, 2016இல் வந்தது. இயக்கத்தின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளராக இருந்தவர் தன் பாதையைத் திரும்பிப் பார்த்து எழுதியது. மொழி எளிது, ஓட்டமாக வாசிக்கலாம். புஷ்பராஜாவின் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்' (2003) அதற்கு முந்திய கதை, எழுபதுகளில் பெடியள் போராட்டத்தை எப்படித் தொடங்கினார்கள் என்பது. 'முறிந்த பனை' தன்வரலாறு அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் நாலு பேர் எழுதிய பதிவும் ஆய்வும். அவர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டார். இந்திய இராணுவக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் நடந்ததற்கு இதைவிட நெருக்கமான பதிவு எனக்குத் தெரியாது. பாரம் கூடின புத்தகம், ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. பெண்களைப் பற்றிய பகுதியிலிருந்து தொடங்கச் சொல்லுவேன்.

இங்கே செலவு காசில் இல்லை. இந்த வகைப் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் வீட்டில் கோபப்படுவார். தமிழினியின் புத்தகம் வந்தபோது கிளம்பிய வாய்ச்சண்டை கொஞ்சமல்ல. ஒரு முறை ஒரு தகப்பன் புத்தகத்தைக் கடதாசிப் பையில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இதை ஏன் பிள்ளைக்குக் குடுத்தனீங்கள்?" என்றார். எந்தப் புத்தகம் என்று சொல்லமாட்டேன். அடுத்த மாதம் வேறொரு தகப்பன் நேரெதிர்ப் புத்தகத்தோடு வந்து அதே கேள்வியைக் கேட்டார்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சாட்சியம் என்றால் ஒன்றாகக் கொடுப்பதில்லை, சோடியாகக் கொடுப்பேன். இயக்கத்துக்குள் இருந்தவர் எழுதியது ஒன்று, வெளியில் நின்று கேள்வி கேட்டவர் எழுதியது ஒன்று. ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால், அப்போது இந்த வகையையே தொடாதீர்கள்.

## சிறுகதையும் கவிதையும்

என் பந்தயம் இதில்தான்.

சிறுகதை இருபது பக்கம். பிடிக்காவிட்டால் இருபது நிமிடம்தான் நட்டம். கனத்தால் மூடி வைத்துவிட்டு நாளைக்கு வேறொன்றைத் திறக்கலாம். முக்கியமாக, அது முழுக் கதையும் சொன்னதாகப் பாவனை செய்யாது. ஒரு வீடு, ஒரு நாள், ஒரு ஆள். மிச்சத்தைப் பிள்ளை யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும்.

ரஞ்சகுமாரின் 'மோகவாசல்' (1989) தொகுப்பில் 'கோசலை' என்று ஒரு கதை இருக்கிறது. பிள்ளைகள் இயக்கத்துக்குப் போக, வீட்டில் மிஞ்சுகிற தாயின் கதை. சித்தியின் பேத்திக்குக் கடைசியில் அதைத்தான் கொடுத்தேன், அந்தக் கதையின் முதல் பக்கத்தில் பஸ் ரிக்கட் ஒன்றைச் செருகி. இரண்டு நாளைக்குப் பிறகு சித்தி போனில் சொன்னார்: வாசித்து முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இயக்கத்தைப் பற்றியோ ஆமியைப் பற்றியோ இல்லையாம். "அம்மம்மா, எங்கடை வீட்டு பங்கர் எங்கை இருந்தது?" சித்தி அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் குசினிக்குப் பின்னால், இப்போது கறிவேப்பிலை நிற்கிற பள்ளத்தைக் காட்டியிருக்கிறார். பனங்குற்றி அடுக்கி மேலே மண்மூட்டை போட்டது, மாரியில் உள்ளே தண்ணீர் நின்றது, சித்தப்பா தவளைக்குப் பயந்து வெளியே படுத்தது எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. கதையில் பங்கரும் இல்லை, தவளையும் இல்லை.

கவிதை என்றால் 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பு, 1985இல் வந்தது. அந்தக் காலக் கவிஞர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். நூலக எரிப்பைப் பற்றி எம்.ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' ஒரே பக்கம்தான். வகுப்பில் வாசித்துக் காட்ட இதைவிடப் பொருத்தமானது இல்லை: சுடப்படுவது புத்தர், கிடப்பது எங்கள் நூலகப் படியில், எழுதியவர் ஒரு முஸ்லிம் கவிஞர். இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டால் ஒரு பாடநேரம் தானாக ஓடும். இந்தியப் பிரதி வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் பழைய ஈழத்துப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன.

இதன் குறையும் இதிலேயே இருக்கிறது. பக்கத்தில் சொல்லித்தர ஆள் வேண்டும். சித்தி மாதிரி ஒருவர் இல்லாத வீட்டில் சிறுகதை அந்தரத்தில் தொங்கும். பத்துக் கதை வாசித்தாலும் 1987க்கு முன்னா பின்னா என்று தெரியாமல் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். துண்டுத் தாள் இங்கேயும் தேவை.

## கதைப் படம்

மச்சான் சொன்ன "நல்ல படம்" 'தீபன்'. 2015இல் கான் விழாவின் முதற்பரிசு பெற்ற பிரெஞ்சுப் படம். ஷோபாசக்திதான் கதாநாயகன், பேச்சில் பெரும்பகுதி தமிழ். ஒருவருக்கொருவர் தெரியாத மூன்று பேர் குடும்பம் என்று நடித்துக்கொண்டு பிரான்சுக்குப் போகிறார்கள். முதல் பாதி, அந்தப் பொய்க் குடும்பம் ஒரு வீட்டுக்குள் இருந்து பழகுவது, அருமை. பிறகு அது துப்பாக்கிச் சண்டைப் படமாக மாறிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். பதினைந்து வயதுப் பெடியன் எதை நினைவில் வைத்திருப்பான் என்று மச்சானிடமே கேட்டேன். சத்தம் இல்லை.

'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) பார்க்காதவர் இல்லை. பாட்டுக்காகப் பாருங்கள், அமுதாவுக்காகப் பாருங்கள். ஆனால் அதில் வருகிற மாங்குளம் நாங்கள் பஸ்ஸில் போகிற மாங்குளம் அல்ல, பேச்சும் எங்கள் பேச்சு அல்ல. இங்கே தியேட்டரில் அழ வேண்டிய இடத்தில் சிரித்தவர்கள் உண்டு.

'இனி அவன்' (2012) அசோக ஹந்தகம எடுத்தது, தமிழில், யாழ்ப்பாணத்தில். புனர்வாழ்வு முடிந்து ஊருக்குத் திரும்புகிற முன்னாள் போராளியை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பது கதை. 2009க்குப் பிந்திய ஊரைப் புரிய வேண்டும் என்றால் படங்களில் இதை முதலில் சொல்வேன். எங்கள் சனத்துக்கு இது அவ்வளவு உவப்பாக இருக்காது, அதனால்தான் சொல்கிறேன்.

சிங்களப் படங்களை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997): கண் தெரியாத ஒரு கிராமத்துத் தகப்பன். ஆமியில் இருந்த மகனின் உடல் என்று முத்திரை வைத்த பெட்டி வருகிறது. மகன் செத்துவிட்டான் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை, நட்டஈட்டுத் தாளில் கையெழுத்தும் வைக்கவில்லை. அரசாங்கம் அதைத் திரையிட விடாமல் நிறுத்தி, நீதிமன்றம் வரை போய்த்தான் வெளியே வந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தெருவில் இருந்த தாய்மாரும் காசு வேண்டாம், பிள்ளை எங்கே என்றுதான் கேட்டார்கள். இந்தப் படத்தை அவர்கள் யாராவது பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன். சப்டைட்டில் உள்ள பிரதியா என்று மட்டும் முதலில் பாருங்கள். நான் ஒரு முறை அதில்லாமல் எடுத்துவந்து, சிங்களம் தெரிந்த ஒரே ஆளாக ஒன்றரை மணித்தியாலம் உரக்க மொழிபெயர்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது.

## ஆவணப்படம்

சுருக்கமாகச் சொல்கிறேன். 'நோ ஃபயர் ஸோன்' (2013) மாதிரிப் படங்கள் சாட்சிக்காக எடுக்கப்பட்டவை. உலகத்துக்குக் காட்ட அவை தேவைப்பட்டன, வீட்டு ஹோலில் போட அல்ல. அதில் கிடக்கிற உடல் யாரோ ஒருவரின் தம்பி, அந்த ஒருவர் உங்கள் பக்கத்துக் கதிரையில் இருக்கக்கூடும். தனியாக, வளர்ந்த பிறகு, பார்க்கத் தானாக முடிவெடுத்துப் பார்க்க வேண்டியது.

ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' (2017) வேறு ரகம், இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்ததைப் பேசுவது. 2018இல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில் போட இருந்து, எதிர்ப்பு வர, நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பார்க்கவேண்டாம் என்று ஊர் சொன்ன படம் என்பதாலேயே உயர்தரப் பிள்ளைகள் எப்படியும் தேடிப் பார்ப்பார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் நல்லது.

பள்ளிக்கூடத்தில் போடத்தான் வேண்டும் என்றால் சோமீதரனின் 'எரியும் நினைவுகள்'. நூலகத்தைப் பற்றியது. பிள்ளைகள் நாளைக்கே போய் அந்தக் கட்டடத்தைத் தொட்டுப் பார்க்கலாம்.

## ஒரு பார்வையில்

| | நிறுத்தலாமா | செலவு | மறைந்த செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| நாவல் | ஆம் | கூட | பாதியில் விடுவது | நேரமும் வாசிப்புப் பழக்கமும் உள்ளவருக்கு |
| சாட்சியம் | ஆம் | நடுத்தரம் | வீட்டில் வாக்குவாதம் | "உண்மையோ?" என்பவருக்கு, சோடியாக |
| சிறுகதை, கவிதை | உடனே | குறைவு, இலவசமும் உண்டு | சொல்லித்தர ஆள் தேவை | முதல் முறைக்கு, வகுப்புக்கு |
| கதைப் படம் | கூட்டத்தில் இல்லை | குறைவு | மொழி, சப்டைட்டில் | ஏற்கெனவே ஏதாவது வாசித்தவருக்கு |
| ஆவணப்படம் | இல்லை | குறைவு | நித்திரை | வளர்ந்தவருக்கு, தனியாக |

## கேட்ட மூன்று பேருக்கு

சித்தியின் பேத்தி இப்போது இரண்டாவது தொகுப்பில் நிற்கிறாள். 'கொரில்லா'வை மேல்தட்டில் எடுத்து வைத்திருக்கிறேன், அவளாகக் கேட்கட்டும்.

ஆசிரியைக்கு நுஃமானின் கவிதையும் 'கோசலை'யும் சொன்னேன், தவணை முடிவில் 'எரியும் நினைவுகள்'. வகுப்பில் தகப்பனோ தாயோ இல்லாத பிள்ளை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கேட்டுவிட்டே தொடங்கச் சொன்னேன். அவர் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறாராம்.

மருமகனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க எழுத்துக்கூட்ட வேண்டும். அவனுக்குத் தமிழ்ப் புத்தகம் கொடுத்தால் அது தண்டனை மாதிரி. வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' ஆங்கிலத்தில் இருக்கிறது, 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு பெற்றது. எண்பதுகளின் யாழ்ப்பாணம், மருத்துவம் படிக்க நினைக்கும் ஒரு பெண், அவளுடைய சகோதரர்கள். சிறுகதைதான் முதலில் என்று சொன்னவன் நாவலைச் சொல்கிறேனே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் அந்தப் பெடியனுக்குப் பக்கத்தில் பங்கர்ப் பள்ளத்தைக் காட்ட ஆளில்லை. பின்னணியை விளக்கிக்கொண்டே போகிற புத்தகம் அவனுக்கு வேண்டும். இரண்டு பிரதி வாங்குங்கள், ஒன்று உங்களுக்கு என்று மச்சானிடம் சொன்னேன். அவர் இந்தியன் ஆமி வந்த வருடம் இங்கிருந்து வெளிக்கிட்டவர். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் கதைத்ததில்லை.

போன ஞாயிறு தங்கச்சி சொன்னாள்: பெடியன் முடித்துவிட்டுக் கட்டுரையும் கொடுத்துவிட்டானாம். மச்சானின் பிரதி இன்னும் கட்டில் தலைமாட்டில், எண்பத்தேழாம் ஆண்டு வருகிற இடத்தில் கவிழ்த்து வைத்தபடி கிடக்கிறதாம்.